பெரிய கோழியும் புதுக் குஞ்சுகளும்

'கோழி மிதித்துக் குஞ்சு சாகாது' என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது தாய்க்கோழிக்குச் சொன்ன சொல். தாய் தன் குஞ்சை மிதித்தாலும் பார்த்து மிதிக்கும்.

வேறு கோழி அப்படி இல்லை. வெளியில் வாங்கி வந்த குஞ்சை அது தன் குஞ்சாக நினைக்காது. துரத்தும். தலையில் கொத்தும். அதனால் குஞ்சு செத்தும் போகும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தை இழந்தவர்கள் பலர்.

புதுக் குஞ்சுகளைப் பழைய கோழிகளோடு எப்படிச் சேர்ப்பது? இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு வீடு

பெங்களூருக்குத் தெற்கே, ஓசூர் சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டி இருக்கிறது. கியோனிக்ஸ் என்ற கர்நாடக அரசு நிறுவனம் இதை அமைத்தது. அதன் முதல் தலைவர் ஆர்.கே. பாலிகா. அவருடைய எண்ணத்தில் உருவானதே இந்த இடம். 1978-ல் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் என்ற இரண்டு கிராமங்களில் 332 ஏக்கர் நிலத்தில் தொழிற்பேட்டை தொடங்கியது. 2010-ல் மேம்பாலம் வந்தது. 2025-ல் மெட்ரோ ரயிலும் வந்தது.

கண்ணாடிக் கட்டடங்கள் வந்துவிட்டன. ஆனால் அவற்றின் பின்னால் பழைய ஊர்த் தெருக்கள் இன்னும் இருக்கின்றன. வரிசை வீடுகள் இருக்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் அங்கே குடியிருக்கிறார்கள். வீட்டோரம் கொஞ்சம் இடம் கிடைத்தால் கோழியும் வளர்க்கிறார்கள்.

அப்படி ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மருமகள் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறாள். மாமியார் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். அவர் இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர். வீட்டில் நான்கு கோழிகள். சேவல் இல்லை. சேவல் விடியுமுன் கூவியது. பக்கத்து வீட்டில் இரவு வேலைக்குப் போய் வருகிறவர்கள் தூங்க முடியவில்லை என்றார்கள். அதனால் சேவலை விற்றுவிட்டார்கள்.

முட்டைக் காசில்தான் பேத்திக்கு நோட்டுப் புத்தகம் வாங்குவது. ஆனால் கோழிகளுக்கு வயதாகிவிட்டது. முட்டை குறைந்தது. சேவல் இல்லாததால் வீட்டு முட்டையில் குஞ்சு பொரிக்காது. அதனால் சீட்டுப் பணத்தில் ஒரு மாதக் குஞ்சுகள் எட்டு வாங்கினார்கள். மாலையில் பழைய கோழிகளின் நடுவே விட்டார்கள்.

நான்கு கோழிகளில் மூத்தது கறுப்பி. அது பாய்ந்து வந்தது. ஒரு குஞ்சை மூலையில் மடக்கித் தலையில் கொத்தியது. விரட்டுவதற்குள் குஞ்சின் மண்டை கிழிந்துவிட்டது. இரவில் அது இறந்தது.

மாமியாருக்குக் கோபம் தாங்கவில்லை.

"இந்த ஞாயித்துக்கிழமை கறுப்பிய அறுத்துக் குழம்பு வெச்சிடலாம்" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க அத்தை. அது ஏன் கொத்துதுன்னு மொதல்ல தெரிஞ்சுக்கலாம். மாட்டாஸ்பத்திரியில கேட்டுட்டு வரேன்" என்றாள் மருமகள்.

கோழி ஏன் கொத்துகிறது?

கறுப்பி கொடுமைக்காரி இல்லை. கோழியின் இயல்பு அது.

நம் வீட்டுக் கோழிகள் காட்டுக்கோழியின் வழியில் வந்தவை. காட்டுக்கோழிகள் சிறு சிறு கூட்டமாக வாழும். இரையும் இடமும் அந்தக் கூட்டத்துக்குச் சொந்தம். புதிதாக ஒரு பறவை வந்தால் இரையில் பங்கு கேட்க வந்ததாகவே அவை நினைக்கும். அதைத் துரத்தும். வீட்டுக் கோழிக்கும் இந்தக் குணம் போகவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. கோழிக் கூட்டத்தில் ஒரு வரிசை இருக்கிறது. முதல் கோழி யாரையும் கொத்தலாம். அதை யாரும் கொத்துவதில்லை. இரண்டாவது கோழி, முதல் கோழிக்கு மட்டும் வழிவிடும். மற்றவற்றைக் கொத்தும். இப்படியே கடைசிவரை போகும். கடைசிக் கோழி எல்லாரிடமும் கொத்து வாங்கும். யாரையும் கொத்தாது.

இதை முதலில் ஆராய்ந்து எழுதியவர் நார்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டெரூப் எப்பே என்பவர். அவர் சிறுவனாக இருந்தபோதே கோழிகளை உற்றுப் பார்த்தார். எது எதைக் கொத்துகிறது என்று குறித்து வைத்தார். பெரியவரான பின் 1922-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். 'கொத்து வரிசை' என்ற பேச்சு அதிலிருந்துதான் உலகம் முழுவதும் பரவியது.

இந்த வரிசையால் நன்மையும் உண்டு. யார் பெரியவர் என்று தெரிந்துவிட்டால் தினமும் சண்டை வராது. சின்னக் கோழி தானே ஒதுங்கிவிடும். கூட்டம் அமைதியாக இருக்கும்.

புதுக் கோழி வந்தால் இந்த வரிசை கலைகிறது. கோழிகள் ஒன்றையொன்று தலையையும் கொண்டையையும் பார்த்தே அடையாளம் காண்கின்றன. தெரியாத தலை வந்தால் அதற்கு வரிசையில் இடம் இல்லை. இடத்தை முடிவு செய்யக் கொத்து விழும். பெரிய கோழிகளுக்குள் இது சில நாட்களில் முடிந்துவிடும். குஞ்சுக்குத் தாங்கும் உடம்பு இல்லை. ஆகவே அது அடிபடுகிறது.

இதில் தப்பு கோழியுடையது அல்ல. குஞ்சை உடனே நடுவில் விட்டதுதான் தப்பு. என்ன செய்திருக்க வேண்டும்?

முதல் படி: தனியே வையுங்கள்

வாங்கி வந்த குஞ்சுகளை மூன்று வாரம் பழைய கோழிகளின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இது சண்டைக்காக மட்டும் இல்லை. நோய்க்காகவும்தான். வெளியிலிருந்து வரும் குஞ்சு நோயோடு வரலாம். பார்த்தால் தெரியாது. சில நாள் கழித்தே தெரியும்.

கோழிக்கு வரும் நோய்களில் கொடியது வெள்ளைக் கழிச்சல். இதை ராணிக்கெட் நோய் என்றும் சொல்வார்கள். வட இந்தியாவில் உள்ள ராணிக்கெட் என்ற ஊரின் பெயரால் வந்த பெயர் இது. வந்துவிட்டால் மருந்து இல்லை. ஒரே வாரத்தில் கூடையே காலியாகிவிடும். ஆனால் வராமல் தடுக்க முடியும். குஞ்சு பிறந்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விட வேண்டும். எட்டாவது வாரத்தில் ஊசி போட வேண்டும். குஞ்சு வாங்கும்போதே, "சொட்டு மருந்து விட்டாச்சா?" என்று கேளுங்கள். தேதியைக் கேட்டு எழுதி வையுங்கள்.

குஞ்சுகளுக்குத் தனித் தட்டு, தனித் தண்ணீர்ச் சட்டி வேண்டும். ஒரு பக்கம் வேலை செய்துவிட்டு மறு பக்கம் போகும்முன் கை கால் கழுவ வேண்டும்.

சின்னக் குஞ்சுக்குச் சூடும் வேண்டும். முதல் வாரம் 35 டிகிரி அளவு சூடு தேவை. பிறகு வாரம் மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். இறகு நன்றாக முளைத்தபின் சூடு தேவையில்லை. அதற்கு ஐந்து ஆறு வாரம் ஆகும். சூடு அளக்கும் கருவி நம்மிடம் இல்லை. பரவாயில்லை. குஞ்சுகளே சொல்லும். குண்டு பல்பின் கீழ் நெருக்கியடித்து நின்றால் குளிர்கிறது. பல்பை விட்டு ஓடி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரியாக இருக்கிறது. பெங்களூரில் மார்கழி இரவு குளிரும். அப்போது கவனம் வேண்டும்.

இரண்டாம் படி: பார்க்கலாம், தொட முடியாது

மூன்று வாரம் கழிந்தது. குஞ்சுகள் நலமாக இருக்கின்றன. இனி பழைய கோழிகளுக்கு அவற்றைக் காட்டலாம். ஆனால் நடுவில் ஒரு தடுப்பு இருக்க வேண்டும்.

கோழிகள் மேயும் இடத்தில் ஒரு மூலையைக் கம்பி வலையால் தடுங்கள். குஞ்சுகளை அதற்குள் விடுங்கள். வலைக் கண் சிறியதாக இருக்கட்டும். குஞ்சு தலையை நீட்டினால் கொத்து விழும். மேலேயும் வலை போடுங்கள். பூனையும் பருந்தும் வராமல் இருக்கும்.

முதல் நாள் கோழிகள் வலையைச் சுற்றிச் சுற்றி வரும். வலையைக் கொத்தும். பிறகு சலித்துப்போகும். பத்துப் பதினைந்து நாளில் அவரவர் வேலையைப் பார்க்கும். குஞ்சின் தலையும் குரலும் பழகிவிடும்.

வலைக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தீனி போடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் தின்று பழகட்டும்.

நம் வீட்டுப் பஞ்சாரக் கூடையும் இதற்கு உதவும். எப்போதும் குஞ்சைத்தானே கூடையில் கவிழ்ப்போம்? இப்போது மாற்றிச் செய்யுங்கள். கொத்துகிற கோழியைக் கூடையில் கவிழ்த்து வையுங்கள். குஞ்சுகளை வெளியே விடுங்கள். காலையில் ஒரு மணி நேரம் போதும். குஞ்சுகள் இடத்தைச் சுற்றிப் பார்க்கும். ஓடி ஒளிய எது நல்ல மூலை என்று தெரிந்துகொள்ளும். கூடைக்குள் தண்ணீர் வைக்க மறக்காதீர்கள். கூடையை நிழலில் வையுங்கள்.

இந்தப் படியை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். குஞ்சுகள் வளர வேண்டும். பெரிய கோழியின் அளவில் முக்கால் பங்காவது வந்தபின் சேர்ப்பது நல்லது. அதற்குப் பதினொன்று பன்னிரண்டு வாரம் ஆகும். நாட்டுக்கோழிக் குஞ்சு மெதுவாக வளரும். அதற்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகலாம்.

எட்டாவது வார ஊசியும் இந்தச் சமயத்தில்தான் வரும். ஊசி போட்ட அன்றே சேர்க்காதீர்கள். ஒரு வாரம் போகட்டும்.

மூன்றாம் படி: சேர்த்து விடுதல்

சேர்க்கும் நாளில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். விட்டுவிட்டு வேலைக்குப் போகக் கூடாது.

முதலில் இடத்தைத் தயார் செய்யுங்கள். தீனித் தட்டு ஒன்று மட்டும் இருந்தால் பெரிய கோழி அதன்மேல் நின்றுகொள்ளும். ஆகவே இரண்டு மூன்று இடங்களில் தட்டு வையுங்கள். ஒரு தட்டிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியக் கூடாது. தண்ணீரும் அப்படியே.

ஒளிய இடம் வேண்டும். சுவரில் ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள். ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து, குஞ்சு மட்டும் நுழையும் அளவுக்கு வாசல் வெட்டுங்கள். துரத்தப்பட்ட குஞ்சு மூலையில் மாட்டிக்கொண்டால்தான் ஆபத்து. ஓட வழி இருந்தால் பிழைத்துக்கொள்ளும்.

ஒரு குஞ்சை மட்டும் விடாதீர்கள். எல்லாக் கொத்தும் அதற்கே விழும். குஞ்சுகளை மொத்தமாக விடுங்கள். கொத்து பிரிந்து போகும்.

கோழிகளின் கவனத்தைத் திருப்புங்கள். ஒரு கட்டுக் கீரையைக் கயிற்றில் கட்டித் தொங்க விடுங்கள். சாம்பலும் மணலும் கலந்து ஓர் இடத்தில் கொட்டுங்கள். அதில் புரண்டு குளிக்கும். வேலை இருக்கிற கோழி வம்புக்குப் போகாது.

முதல் நாள் அரை மணி நேரம் போதும். மறு நாள் ஒரு மணி நேரம். இப்படியே கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு வாரம் ஆனபின் இரவிலும் சேர்க்கலாம். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. பெரிய கோழிகள் அடைந்தபின், குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அதே கூண்டில் வையுங்கள். விடியும்போது எல்லாம் ஒன்றாக இருக்கும். ஆனால் வெளிச்சம் வந்ததும் கூண்டைத் திறந்துவிட வேண்டும். நெருக்கடியான கூண்டில் ஓட இடம் இல்லை.

எது சண்டை, எது சாதாரணம்?

ஒரு கொத்து, ஒரு துரத்தல், பிறகு விலகிப் போதல். இது சாதாரணம். தலையிடாதீர்கள். வரிசை முடிவாக இது வேண்டும். நாம் பிரித்துக்கொண்டே இருந்தால் வரிசை முடிவாகாது.

குஞ்சை விடாமல் துரத்துவது, கீழே தள்ளி மேலே ஏறிக் கொத்துவது, தீனி தின்ன விடாமல் தடுப்பது, ரத்தம் வருவது. இவை ஆபத்து. உடனே பிரித்துவிடுங்கள்.

ரத்தம் வந்த குஞ்சைக் கூட்டத்தில் விடவே கூடாது. சிவப்பைக் கண்டால் எல்லாக் கோழிகளும் அங்கேயே கொத்தும். மற்றக் குஞ்சுகளும் கொத்தும். காயத்தைச் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசுங்கள். காயம் ஆறி, இறகு மூடும்வரை தனியே வையுங்கள். காயம் ஆழமாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடங்காத கோழியை என்ன செய்வது?

ஒரே ஒரு கோழி மட்டும் விடாமல் கொத்துகிறதா? அப்படியானால் குஞ்சுகளைத் தூக்காதீர்கள். அந்தக் கோழியைத் தூக்குங்கள்.

அதை மூன்று நான்கு நாள் வேறு இடத்தில் வையுங்கள். மற்றக் கோழிகள் அதன் கண்ணில் படக் கூடாது. தீனி, தண்ணீர், நிழல் எல்லாம் கொடுங்கள். இது தண்டனை இல்லை. அது இல்லாதபோது வரிசை மாறும். குஞ்சுகள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். திரும்பி வரும்போது அதுவே புது ஆளாக வரும். முன்போல அதிகாரம் செய்ய முடியாது. ஒரு தடவையில் சரியாகாவிட்டால் மறுபடி செய்யுங்கள்.

கோழியை அடிக்காதீர்கள். அடித்தால் எதற்கு அடித்தோம் என்று அதற்குப் புரியாது. சிலர் கத்தியால் மூக்கை வெட்டுவார்கள். சிலர் மூக்கைச் சுடுவார்கள். வீட்டில் அப்படிச் செய்யாதீர்கள். மூக்கின் உள்ளே உயிர் இருக்கிறது. வலி தாங்காமல் தீனி எடுக்காது.

இடம் குறைவாக இருந்தாலும், தீனி போதாவிட்டாலும், உடம்பில் பேன் பிடித்தாலும் கோழிக்குக் கொத்தும் குணம் கூடும். அவற்றையும் பாருங்கள். சண்டைச் சாதிக் கோழிகளுக்கு இயல்பாகவே கோபம் அதிகம். அவற்றோடு சாதுவான இனங்களைச் சேர்க்கும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

தீனியிலும் ஒரு செய்தி

முட்டையிடும் கோழிக்கு விற்கும் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம். முட்டை ஓடு உருவாக அது வேண்டும். வளரும் குஞ்சுக்கு அவ்வளவு சுண்ணாம்பு ஆகாது. சிறுநீரகம் கெடும். எல்லாம் ஒரே இடத்தில் தின்னும்போது என்ன செய்வது? எல்லாவற்றுக்கும் வளரும் கோழித் தீவனமே போடுங்கள். கிளிஞ்சலைப் பொடித்துத் தனிச் சட்டியில் வையுங்கள். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும்.

எங்கே கேட்பது?

சந்தேகம் வந்தால் பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் கேட்கலாம். பெங்களூருக்கு வடமேற்கே ஹெசரகட்டாவில் மத்திய அரசின் கோழி வளர்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரியில் கோழியினக் கல்லூரி இருக்கிறது. வீட்டில் வளர்க்க ஏற்ற கிரிராஜா என்ற கோழி இனமும் பெங்களூரில் வேளாண் பல்கலைக்கழகத்தில் உருவானதுதான்.

கறுப்பி என்ன ஆனது?

மாமியார் மாதக் காலண்டரில் எழுதத் தொடங்கினார். குஞ்சு வாங்கிய நாள், வலைக்குள் விட்ட நாள், ஊசி போட்ட நாள் எல்லாம் எழுதினார். எழுத்து கோணலாக இருந்தது. ஆனால் எந்த நாளும் தவறவில்லை.

சேர்த்த அன்று கறுப்பி மறுபடியும் துரத்தியது. கூடையில் போட்டு நான்கு நாள் பின்பக்கம் வைத்தார்கள். திரும்பி வந்ததும் இரண்டு குஞ்சைக் கொத்தியது. அவை ஓடிப் பலகைக்குப் பின்னால் ஒளிந்தன. அதோடு சரி. மீதி ஏழு குஞ்சும் பிழைத்தன. அவற்றில் இரண்டு சேவலாக வளர்ந்தன. அவற்றை விற்றார்கள். ஐந்து பெட்டைகள் நின்றன. ஆறாம் மாதம் முதல் முட்டை வந்தது.

அடுத்த தை மாதம் கறுப்பி அடை உட்கார்ந்தது. மருமகள் ஒரு நாள் வயதுக் குஞ்சுகள் ஆறு வாங்கி வந்தாள். மாமியார் பயந்தார்.

"ஏம்மா, மறுபடியும் கொன்னுடப் போவுது!"

"அடைக்கோழி வேற மாதிரி அத்தை. ராத்திரி இருட்டுல வெச்சுப் பாக்கலாம். காலையில நான் சீக்கிரம் எழுந்து பாக்கறேன்."

மூன்று வாரம் அடை கிடந்த கோழி குஞ்சுக்காகக் காத்திருக்கும். அந்த நேரத்தில், பிறந்து ஓரிரு நாளே ஆன குஞ்சை இருட்டில் வயிற்றடியில் வைத்தால் தன் குஞ்சு என்று பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். பெரிய குஞ்சை ஏற்காது. விடியும்முன் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். கொத்தினால் உடனே எடுத்துவிட வேண்டும்.

அன்று விடியும்முன் இருவரும் போய்ப் பார்த்தார்கள். கறுப்பி சிறகை விரித்து உட்கார்ந்திருந்தது. இறகுக்கு நடுவே ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. கறுப்பி மெல்லக் 'கொக் கொக்' என்றது.

"குழம்பு வெச்சிருந்தா ஒரு வேளைதான் கண்ணு" என்றார் மாமியார்.

நினைவில் வையுங்கள்

1. வாங்கிய குஞ்சை மூன்று வாரம் தனியே வையுங்கள்.
2. தடுப்பு மருந்துத் தேதிகளை எழுதி வையுங்கள்.
3. வலைக்கு அப்பால் வைத்துப் பழக்குங்கள்.
4. நன்றாக வளர்ந்தபின், மொத்தமாகச் சேருங்கள்.
5. தட்டும் தண்ணீரும் ஒளியும் இடமும் பல இடங்களில் இருக்கட்டும்.
6. விடாமல் கொத்தும் கோழியைச் சில நாள் பிரித்து வையுங்கள்.
7. ரத்தம் வந்த குஞ்சைக் கூட்டத்தில் விடாதீர்கள்.

பேசிப் பாருங்கள்

உங்கள் தெருவில் கோழி வளர்ப்பவர்கள் புதுக் குஞ்சுகளை எப்படிச் சேர்க்கிறார்கள்? அவர்களுடைய வழியில் எது நல்லது? எதை மாற்றலாம்?

உங்கள் ஊரில் கோழிக்குத் தடுப்பூசி எந்த நாளில் போடுகிறார்கள்? கேட்டு வந்து உங்கள் நோட்டில் எழுதுங்கள்.